என் பேரில் போடப்படும் ஓட்டு

"அப்ப உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் அங்க எல்லாம் செய்வாங்களா பாப்பா?"

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. அரியலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகன், என்னுடைய மியூச்சுவல் ஃபண்ட் கணக்கை போனில் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்காமல், "அம்மாயி, உங்க பொண்ணு இப்ப சிமென்ட் ஃபேக்டரிக்கு முதலாளி, தெரியுமா?" என்று சீண்டினான். அதற்குத்தான் அம்மா அப்படிக் கேட்டார்.

மகன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் எப்படி 'முதலாளி' ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை நான். சீட்டு, தபால் ஆபீஸ் ஆர்.டி., கொஞ்சம் நகை. இதற்கு மேல் சேமிப்பு பற்றி யோசித்ததில்லை. சில வருடங்களுக்கு முன் மகன்தான் மாதம் ரூ.2,000 எஸ்.ஐ.பி. போட்டுவிட்டான். "இது நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட்மா. எந்தக் கம்பெனி நல்லதுன்னு யாரும் மூளையைக் கசக்க வேணாம். நிஃப்டியில இருக்கிற 50 கம்பெனியையும் அதே விகிதத்துல வாங்கி வெச்சிருவாங்க. செலவும் குறைச்சல்" என்றான். புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

அந்த 50 கம்பெனிகளில் ஒன்று அல்ட்ராடெக் சிமென்ட். எங்கள் மாவட்டத்தில் ரெட்டிபாளையத்தில் அவர்கள் ஆலை இருக்கிறது. அரியலூர்க்காரர்களுக்கு சிமென்ட் புதிதில்லை. டைனோசர் காலத்தில் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுப்போன சிப்பியும் சங்கும்தான் இன்றைக்குச் சுண்ணாம்புக்கல். அரசு சிமென்ட் ஆலை 1979-ல் வந்தது. கோவிந்தபுரத்தில் ராம்கோ, தாமரைக்குளத்தில் டால்மியா, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் என்று வரிசையாக ஆலைகள் உண்டு. இதில் இந்தியா சிமென்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போனது. ஆக, நான் மாதாமாதம் போடும் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் சுமாருக்கு, நான் பிறந்த மண்ணில் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியில் போய் உட்காருகிறது. இது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

"கேப்பாங்களா?" என்று அம்மா மறுபடியும் கேட்டார்.

"தெரியலம்மா. பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு மொச்சையைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த நிலம் மூன்று ஏக்கர் இருந்தது. அவர் போன பிறகு அதில் அம்மாவுக்கும் ஒரு பங்கு. அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அலைய முடியாது என்று, அம்மா தன் அண்ணனுக்கு பவர் எழுதிக்கொடுத்தார். மாமா ஒரு நாள் நிலத்தை விற்றுவிட்டார். தீபாவளிக்கு வந்தபோது ஒரு பட்டுப்புடவையும், மஞ்சள் பையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். எவ்வளவுக்கு விற்றது, ஏன் விற்றது, எதுவும் சொல்லவில்லை. அந்த நிலத்தில் இன்றைக்கும் யாரோ மக்காச்சோளம் போடுகிறார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார்.

மாமா கெட்டவர் இல்லை. எங்கள் காதுகுத்துக்கு முன்னால் நின்றவர் அவர்தான். அம்மாவும் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னார்: "அண்ணன் கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே."

அதனால்தான் திண்ணையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா பவர் எழுதிக்கொடுத்ததாவது தெரிந்து செய்தது. நான் எழுதிக்கொடுத்தது எனக்கே தெரியவில்லை.

பெரம்பலூர் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். படித்ததை என் மொழியில் சொல்கிறேன்.

ஒரு கம்பெனியின் பங்கை நீங்கள் நேரடியாக வாங்கினால், ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு உங்களுக்கு உண்டு. இயக்குநராக யாரை நியமிப்பது, அவருக்கு எவ்வளவு சம்பளம், கணக்கை ஏற்பதா, தாய்க் கம்பெனிக்கு எவ்வளவு கொடுப்பது, எல்லாமே தீர்மானமாக வரும். ஆனால், மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் போனால் நம் கையில் இருப்பது யூனிட்தான், பங்கு இல்லை. பங்கு ஃபண்டின் பெயரில் இருக்கும். ஓட்டும் ஃபண்ட் நிறுவனத்திடம் போய்விடும். நம்மைக் கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

'சரி, போட்டால் போடட்டும். இதில் என்ன இருக்கிறது?' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால், இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. மற்ற ஃபண்டுகளில் ஒரு கம்பெனியின் போக்கு பிடிக்கவில்லை என்றால், ஃபண்ட் மேனேஜர் அந்தப் பங்கை விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். இண்டெக்ஸ் ஃபண்டால் முடியாது. நிஃப்டியில் அந்தக் கம்பெனி இருக்கும்வரை வைத்திருந்தே ஆகவேண்டும். மளிகைக் கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். கார்டு இருக்கும் ரேஷன் கடையில் எடை குறைந்தால் அங்கேயே நின்று கேட்கத்தானே வேண்டும்? இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அப்படி நின்று கேட்கக் கிடைத்திருக்கும் வாய்தான் ஓட்டு.

அந்த வாய் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் கிடைத்தன. இரண்டுமே நம் வீட்டுக்குத் தெரிந்த பெயர்கள்தான்.

ஒன்று, புல்லட். ராயல் என்ஃபீல்டு வண்டிகள் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நம் தமிழ்நாட்டில்தான் தயாராகின்றன. அதன் தாய்க் கம்பெனி ஐஷர் மோட்டார்ஸ். 2021 ஆகஸ்டில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிறுவனத்தை வளர்த்தெடுத்த சித்தார்த்த லாலை மறுபடியும் நிர்வாக இயக்குநராக நியமிக்கத் தீர்மானம் வந்தது. அதிலேயே சம்பளமும் சேர்ந்திருந்தது. அது சிறப்புத் தீர்மானம் என்பதால் விழுந்த ஓட்டில் 75 சதவிகிதம் ஆதரவு வேண்டும். கிடைத்தது 73 சதவிகிதம் சுமார். தீர்மானம் தோற்றது! அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. லாபத்தில் 3 சதவிகிதம் வரை சம்பளம் போகலாம் என்ற உச்சவரம்புதான் பெரிய முதலீட்டாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அந்த வரம்பை 1.5 சதவிகிதமாகக் குறைத்து, மறுபடி ஓட்டுக்கு விட்டு, அவர் நியமனம் ஆனார்.

இன்னொன்று, மேகி. நெஸ்லே இந்தியா தன் சுவிட்சர்லாந்து தாய்க் கம்பெனிக்கு விற்பனையில் 4.5 சதவிகிதம் ராயல்டி கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் படிப்படியாக 5.25 சதவிகிதமாக உயர்த்த 2024-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பணம் வாங்கப்போகும் தாய்க் கம்பெனியே அதில் ஓட்டுப்போட முடியாது என்பது விதி. மற்ற பங்குதாரர்கள் போட்ட ஓட்டில் அந்தத் தீர்மானம் மே மாதம் தோற்றுப்போனது. ராயல்டி பழைய அளவிலேயே நின்றது.

இரண்டிலும் தீர்மானத்தைத் தோற்கடித்தது பெரிய முதலீட்டாளர்களின் ஓட்டு. நம்மைப் போன்றவர்களின் சிறு பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அந்தப் பெரிய முதலீட்டாளர்கள் கூட்டத்தில்தான் அடக்கம். என் ரூ.2,000 தனியாக நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லட்சக்கணக்கானவர்களின் ரூ.2,000 ஒன்றாக நின்றால் கதை வேறு.

அப்படியானால் என் பேரில் என் ஃபண்ட் எப்படி ஓட்டுப் போடுகிறது?

இதற்கு செபி ஒரு வழி வைத்திருக்கிறது. எப்படி ஓட்டுப் போடுவோம் என்ற கொள்கையையும், எப்படிப் போட்டோம் என்ற விவரத்தையும் ஃபண்ட் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 'நாங்கள் ஓட்டே போடவில்லை' என்று ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. 2021 மார்ச்சில் அந்த இடத்தையும் அடைத்தது. முக்கியமான தீர்மானங்களுக்கு 2021 ஏப்ரல் முதலும், எல்லாத் தீர்மானங்களுக்கும் 2022 ஏப்ரல் முதலும் ஃபண்டுகள் கட்டாயம் ஓட்டுப்போட வேண்டும். இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் இது பொருந்தும். போட்ட ஓட்டையும் அதற்கான காரணத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

ஒரு நாள் மதிய இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து என் ஃபண்டின் தளத்தைத் திறந்தேன். தேடித் தேடி கடைசியில் எங்கோ ஒரு மூலையில் கிடைத்தது. எக்செல் ஷீட். கம்பெனி பெயர், கூட்டம் நடந்த தேதி, தீர்மானம், நிர்வாகத்தின் பரிந்துரை, ஃபண்டின் ஓட்டு, காரணம் என்று பத்தி பத்தியாக ஓடியது. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆதரவு, ஆதரவு, ஆதரவு. எப்போதாவது ஒரு எதிர்ப்பு. காரணப் பத்தியில் பெரும்பாலும் ஒரே வாசகம்: சட்டப்படி இருக்கிறது, ஆட்சேபம் இல்லை. பரீட்சை பேப்பரில் முப்பது பிள்ளைகள் ஒரே பதிலை எழுதியிருந்தால் எனக்கு என்ன தோன்றுமோ, அதுதான் தோன்றியது.

"என்ன டீச்சர், லஞ்ச் டைம்ல இவ்ளோ சீரியஸா?" என்றார் கணக்கு டீச்சர். விஷயத்தைச் சொன்னேன். "அட, அவங்க படிச்சவங்க. அதுக்குத்தானே அவங்களுக்குக் காசு கொடுக்கறோம். ஐம்பது கம்பெனி, ஒவ்வொண்ணுலயும் பத்துத் தீர்மானம். நீங்க உக்காந்து படிச்சு ஓட்டுப் போடுவீங்களா? விடைத்தாள் திருத்தவே நேரமில்ல" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தனையும் படிக்க எனக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் 2019 தேர்தல் நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல், ஏப்ரல் 18. எனக்குக் குன்னம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் டியூட்டி. விரலில் மை வைக்கும் வேலை. ராணுவத்தில் இருப்பவர்கள் தங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவரை ஓட்டுப் போட நியமிக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு ஜவானின் மனைவி வந்தார். பதிலாள் ஓட்டுக்கு இடது கை நடுவிரலில் மை வைக்க வேண்டும் என்பது விதி. அவருடைய சொந்த ஓட்டுக்கு ஆள்காட்டி விரலில் ஏற்கெனவே வைத்தாயிற்று. பக்கத்து விரலில் கணவருக்காக இன்னொரு கோடு. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவராகவே சிரித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி போன்ல பேசிட்டுத்தான் டீச்சர் வந்தேன்" என்றார்.

மாமாவும் பதிலாள்தான். இந்தப் பெண்ணும் பதிலாள்தான். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு போன் கால்.

நமக்காக ஒருவர் முடிவெடுப்பது தப்பில்லை. குடும்பமும் அரசாங்கமும் அப்படித்தான் நடக்கின்றன. 'உனக்கு எப்படி வேணும்?' என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால், 'என்ன செஞ்சீங்க?' என்று நாமாவது போய்க் கேட்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது மாமா எழுதி வாங்கிய பவர் மாதிரிதான்.

'உனக்கு எப்படி வேணும்?' என்று கேட்கும் ஏற்பாடு வெளிநாட்டில் ஆரம்பித்திருக்கிறது. பிளாக்ராக் என்ற மிகப் பெரிய ஃபண்ட் நிறுவனம் 2022-ல் முதலில் பென்ஷன் நிதி போன்ற பெரிய வாடிக்கையாளர்களுக்கு இந்தத் தேர்வைக் கொடுத்தது. வான்கார்டு 2023-ல் தன் சில இண்டெக்ஸ் ஃபண்டுகளில் சாதாரண முதலீட்டாளர்களிடமே சோதனையாகக் கேட்டுப் பார்த்தது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நாம் ஓட்டுப்போட வேண்டியதில்லை. நாலைந்து கொள்கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கம்பெனி நிர்வாகம் சொல்கிறபடி போடு, ஃபண்டே முடிவெடுக்கட்டும், சுற்றுச்சூழல், சமூகம் போன்றவற்றைக் கவனித்துப் போடு, இப்படி. நம் பங்களவுக்கு அந்த வழியில் ஓட்டு விழும். கணக்கு டீச்சர் கேட்ட நேரப் பிரச்னைக்கு இது பதில் சொல்லிவிடுகிறது.

நம் ஊரில் எனக்கு இந்தத் தேர்வு இல்லை. ஓட்டு, ஃபண்டின் கையில். யூனிட் வைத்திருப்பவர்களின் நலனுக்காக மட்டுமே ஓட்டுப் போட்டோம் என்று அவர்கள் தங்கள் டிரஸ்டிகளிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதி சொல்ல வேண்டும். ஆனால், நலன் எது என்று யூனிட்காரரைக் கேட்பதில்லை.

என் ஃபண்டுக்கு ஒரு மெயில் எழுதினேன். இன்னின்ன கம்பெனியில் இன்ன தீர்மானத்துக்கு ஏன் ஆதரவு கொடுத்தீர்கள், ஒரு வரிக்கு மேல் காரணம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். எங்கள் ஓட்டுக் கொள்கையைப் படித்துக்கொள்ளுங்கள் என்று இணைப்பு அனுப்பியிருந்தார்கள். படித்தேன். இயக்குநர் கூட்டங்களுக்குச் சரியாக வராதவருக்கு எதிராகப் போடுவோம், அளவுக்கு மீறிய சம்பளத்துக்கு எதிராகப் போடுவோம் என்றெல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எக்செல் ஷீட்டைப் பார்த்தபோது, எங்கெங்கே எதிர்ப்பு விழுந்தது, ஏன் விழுந்தது என்பது ஓரளவு பிடிபட்டது. அந்த முப்பது பேப்பரும் காப்பி இல்லை என்று புரிந்தது. அவர்களும் யோசித்துத்தான் போடுகிறார்கள். அதை யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால்தானோ என்னவோ, எழுதுவது மட்டும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

மகனிடம் சொன்னேன்: "எனக்கு அல்ட்ராடெக்ல ஒரே ஒரு பங்கு வேணும்."

"ஒண்ணா? அது பத்தாயிரம் ரூபாய்க்கு மேலம்மா. அதான் ஃபண்டுல ஏற்கெனவே இருக்கே?"

"இருக்குது. ஆனா ஓட்டு இல்லையே."

அவன் சிரித்துக்கொண்டே டீமேட் கணக்கு திறந்து கொடுத்தான். இதை யாருக்கும் முதலீட்டு யோசனையாகச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு நான் கொடுத்த விலை அது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதற்கு முன்பே மெயிலில் நோட்டீஸ் வந்துவிட்டது. குறைந்தது மூன்று நாள் இணையத்தில் ஓட்டுப்போடும் வசதி இருக்கும். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு மூடிவிடுவார்கள். பள்ளி விட்டு வந்து, காபி போட்டு வைத்துக்கொண்டு, ஓ.டி.பி. வாங்கி உள்ளே போனேன். கணக்கை ஏற்பது, டிவிடெண்ட், இயக்குநர் நியமனம், தணிக்கை சம்பந்தமானது என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டீசின் பின்னால் விளக்கம். அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் படித்தேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆதரவு. அந்த ஒன்று எது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். கோடிக்கணக்கான ஓட்டில் என் ஒற்றை ஓட்டு எதையும் மாற்றியிருக்காது. ஆனால் அழுத்தும்போது கை லேசாக நடுங்கியது. மை வைக்கத்தான் யாரும் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டே, பொங்கலுக்கு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"என்ன பாப்பா, கேட்டாங்களா?"

"ஒரு பங்குக்குக் கேட்டாங்கம்மா. போட்டுட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் யோசித்துவிட்டு, "மீதிக்கு?" என்றார்.

"மீதிக்கு அவங்களே போட்டுடறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்ன போட்டிருக்காங்கன்னு நான் போய்ப் பாக்கறேன். புரியலைன்னா லெட்டர் போட்டுக் கேக்கறேன்."

அம்மா ஒரு முறுக்கை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார்.

"கேளு" என்றார்.